ஆண்டவருக்கு நான் டைப் அடித்த மனு

திங்கட்கிழமை என்றாலே எனக்கு இன்றும் சூடான ஜெராக்ஸ் பேப்பரின் வாசனைதான் மூக்கில் ஏறும்...

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு டிடிபி கடை. படிப்பு முடித்த கையோடு அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். திங்கட்கிழமை மனு நாள். செங்கம், தண்டராம்பட்டு, போளூர் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவார்கள். பட்டா மாறவில்லை, வாய்க்காலை மறித்துவிட்டார்கள், ரோடு போடவில்லை... அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அனுப்புநர், பெறுநர், பொருள், ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’. ஒரு மனுவுக்கு ஐந்தே நிமிடம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

பக்கத்து சிஸ்டத்தில் சலோமி. என் வயசுதான். இரண்டு பேரும் ஒரே சர்ச். எனக்கு ஜெபம் என்றால் மனப்பாடமாக ஒன்று இருந்தது. கண்ணை மூடினால் அது பாட்டுக்கு ஓடி, ஆமெனில் போய் நிற்கும்.

சலோமி வேறு மாதிரி. கடைக்குப் பின்னால் பேப்பர் கட்டுகள் அடுக்கும் சின்ன ரூம் ஒன்று உண்டு. ஓனர் பாய் தொழுவதும் அங்கேதான். அவர் தொழுதுவிட்டு வந்ததும், டிபன் பாக்ஸ் திறப்பதற்கு முன்னால், இவள் உள்ளே போவாள். கதவு சரியாக மூடாது. நான் ஒட்டுக் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

“ஆண்டவரே, காலைல அந்தப் பெரியவர்கிட்ட எரிஞ்சு விழுந்துட்டேன். பாத்துட்டுதானே இருந்தீங்க? பாவம், அவருக்குக் காது கேக்கல. எனக்குக் கோவம் ஜாஸ்தி ஆகுது, என்னனு கொஞ்சம் பாருங்க. அப்புறம்... இன்னிக்கு வெயில் கம்மி. தேங்க்ஸ்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெயிலுக்கெல்லாமா தேங்க்ஸ்?

“என்னடி, போன்ல பேசுற மாதிரி பேசுற?” என்று கிண்டல் செய்தேன்.

“போன்னா கட் பண்ணணும்டி” என்றாள். ஊறுகாயை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்த வருஷம்தான் அப்பா படுத்தார். டவுன் பஸ் டிரைவர் அவர். நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். “ரெண்டு நாள் பாக்கலாம்” என்றார் டாக்டர். அந்த இரண்டு நாள் நீண்டுகொண்டே போனது. அம்மா கூடவே இருந்தார். நான் பகலில் கடை, சாயங்காலம் ஆஸ்பத்திரி.

என் மனப்பாட ஜெபம் பாதியில் நின்றுபோனது. எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. சலோமிக்குத்தான் ஆண்டவரிடம் செல்வாக்கு, அவள் சொன்னால் கேட்பார் என்று தோன்றியது. என்ன செய்தேன் தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள்... அவளிடம் கொடுத்து ஜெபிக்கச் சொல்ல ஒரு மனு டைப் அடித்தேன்!

பொருள்: என் தந்தையின் உடல்நலம் வேண்டுதல் தொடர்பாக. அப்பாவின் வயது, வார்டு, பெட் நம்பர் எல்லாம் போட்டேன். பிரின்ட் எடுத்து, கீழே கையெழுத்தும் போட்டேன். கைப்பழக்கம்.

சலோமி முழுதாகப் படித்தாள். சிரிக்கவில்லை.

“பெட் நம்பர் அவருக்குத் தெரியாதா ஜெனி?”

“நீ ஜெபம் பண்ணுடி. நீ சொன்னா கேப்பாரு.”

“நானும் பண்றேன். ஆனா உங்கப்பாவைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

பேப்பர் கட்டு மேல் இருவரும் உட்கார்ந்தோம். அவள் எடுத்துக் கொடுக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வெளியே யாரோ “பாப்பா, மனு ரெடியா?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா ரெண்டு நாளா டீ கேக்கல, ஆண்டவரே...”

அவ்வளவுதான் முதலில் வந்தது. பிறகு அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வந்தது. பௌர்ணமி கிரிவலத்துக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டிக் களைத்து வந்தாலும் எனக்கென்று போண்டா வாங்கி வருவாரே, அதைச் சொன்னேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். ஆமென் சொல்ல மறந்துவிட்டேன்.

அப்பா பிழைக்கவில்லை. அதற்கு நான்காம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கடைக்கு வந்தேன். கூட்டம் நெரித்தது. சர்ச்சில் எல்லோரும் ‘கர்த்தருடைய சித்தம்’ என்று ஆறுதல் சொல்லியிருந்தார்கள். இனி அவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை என்று சலோமியிடம் சொன்னேன். அவள் வசனம் எதுவும் எடுத்துவிடவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்ற? அவர்கிட்ட போய் சொல்லு. திட்டணும்னாலும் நேராவே திட்டு.”

பின்னால் அந்த ரூமுக்குப் போனேன். திட்டினேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் கேட்டேன். நான் கத்திக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. அந்த நேரம் முழுக்க வெளியே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

முகம் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், மெஷினிலிருந்து வெற்றுப் பேப்பராக வந்து குவிந்திருக்கிறது. கண்ணாடி மேல் காப்பி எடுக்க ஒன்றுமே இல்லை. என் அழுகை வெளியே நிற்கிற ஜனங்களுக்குக் கேட்கக் கூடாது என்று சலோமி சும்மாவே ஓடவிட்டிருக்கிறாள்! பாய் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அந்தப் பேப்பர்களைத் தட்டிச் சேர்த்து மறுபடி டிரேயில் வைத்தார்.

அப்படி ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

சலோமி கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ஷோரூம். எங்கள் சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஜெபக் குறிப்புகள் வருகின்றன. கும்பிடுகிற கை ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போய்விடுகிறோம். நானும்தான். பக்கத்தில் வந்து உட்காருகிறேன் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

அப்பாவை ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று அன்று கேட்டதற்கு ஆண்டவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. நானும் விடுவதாக இல்லை. சமைக்கும்போது, ஸ்கூட்டி ஓட்டும்போது, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆனால் ஒன்று... அன்றிலிருந்து ஒரு நாள்கூட நாங்கள் பேசாமல் இருந்ததில்லை.