புள்ளைக் காம்பராவுல அடைக்கோழி

முட்டைய ஒவ்வொண்ணா வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சு ஒத்தக் கண்ணால பாக்குறா தெரேசா. இடுப்புல யாரோ பெத்த புள்ள மூக்கொழுகிக்கிட்டு ஒக்காந்திருக்கு. அதப் பத்தி அவளுக்குக் கவலையில்ல. "இதுல உசுரு ஓடுது. இது கூமுட்ட. குடுத்தவ மூஞ்சியும் இதே மாதிரிதான்" அப்படிங்கிறா. குடுத்தவ பக்கத்துலயே நிக்கிறா.

பூண்டுலோயாவுக்கு மேல எங்க தேயிலத் தோட்டத்துல, புள்ளைக் காம்பராவுல அவளுக்கு வேல. கொழுந்தெடுக்கப் போறவளுங்க கைப்புள்ளைகள அங்கதான் விட்டுட்டுப் போவாளுங்க. கம்பியில வரிசையாச் சேலத் தொட்டில் தொங்கும். பால் காச்சுறது, மூக்கத் தொடைக்கிறது, பீ அள்ளுறது எல்லாம் தெரேசாதான். தடிச்ச பொம்பள. மலையில வழுக்கி விழுந்து வலது முட்டி போயிருச்சு. நடந்தா டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும். கழுத்துல செபமால, அதுலயே கோழிக்கூட்டுச் சாவி. செபம் முடிஞ்சா ரெண்டையும் சேத்து ஒதட்டுல வச்சுத்தான் முத்தி செய்யிறா.

எனக்கும் கோழி தெரியும். அவகிட்ட நான் புத்தி கேக்குறதில்ல. கேக்காமலே சொல்லுவா. பகல்ல பால் குடுக்க வர்றவளுங்க புள்ளைய மார்ல போட்டுக்கிட்டு கோழிப் பேச்சுத்தான் பேசுவாளுங்க. "கூட்டத் தரையில வைக்காதடி, கீரிக்கு விருந்து வைக்கிறியா? கல்லப் போட்டு பலகையப் போட்டு அதுக்கு மேல வையி"ன்னு தெரேசா கத்துவா. "அக்கா, அடையில ஒரு இரும்பாணி போடுங்க, இடி இடிச்சா முட்ட கலங்காது"ம்பா ராசம்மா. தெரேசா ஆணி போட மாட்டா. ஒவ்வொரு முட்டையிலயும் கரியால சிலுவ போடுவா. அவ அந்தப் பக்கம் திரும்புனதும் ராசம்மா ஆணிய வைக்கோலுக்குள்ள சொருகிருவா. நான் ரெண்டையும் பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பேன்.

நாங்க குடியிருக்குற லயத்து வீட்டுல முட்ட பொரிக்காது. பனி எறங்குனா கோழிக்கே வெறைக்கும், முட்ட என்ன பண்ணும்? காம்பராவுல மட்டும் பால் காச்ச தோட்டமே வெறகு குடுக்குது. நாள் முச்சூடும் அடுப்பு எரியும். அதனால அடுப்போரத்துல இருக்குற கடேசித் தொட்டிலுக்குள்ள ஒரு கூடைய வச்சு, அதுல தன்னோட மொட்டக்கழுத்துக் கோழிய அடைக்குப் போட்டுட்டா தெரேசா. எட்டிப் பாத்தேன். செவந்த கழுத்த நீட்டிக்கிட்டு என்னைய மொறச்சுச்சு. "அப்பன் சாடையா?"ன்னு கேட்டேன். "ஒங்க வாய்க்குத்தான் அத்த ஒங்களத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரு ஒங்க வீட்டுக்காரரு" அப்படின்னா. செத்துப் போனவன வேற இழுக்குறா பாருங்க.

மொத அடை அப்படியே பாழாப் போச்சு. கோழி மேல தப்பில்ல. இந்தப் பொம்பளைங்களுக்குக் கை சும்மா இருக்காது. தொட்டிலத் தாண்டிப் போனா ஒரு தள்ளு தள்ளிட்டுத்தான் போவாளுங்க, உள்ள யாரு புள்ளன்னு பாக்குறதில்ல. வர்றவ ஒரு தள்ளு, போறவ ஒரு தள்ளு. மூணு வாரம் கோழி ஊஞ்சலாடுச்சு. ஒடச்சுப் பாத்தா அத்தனையும் கூமுட்ட. "அடை முட்டைய ஆட்டலாமாடி? பாறையில வச்ச மாதிரி இருக்கணும்டி!"ன்னு கத்திட்டு தெரேசா நாலு நாளு யாரு கூடவும் பேசல. பேசாம இருந்தது அவளுக்குத்தான் கஷ்டம்.

அதுக்குள்ள லயத்துல வெள்ளக் கழிச்சல் வந்துருச்சு. காலையில எந்திரிச்சா வாசலுக்கு வாசல் கோழி கவுந்து கெடக்குது. கடேசியில மிஞ்சுனது தொட்டில்ல இருந்த மொட்டக்கழுத்தி, ராசம்மாவோட செவலக்கோழி, கணக்கப்புள்ள வீட்டுச் சேவல், இம்புட்டுதான். செவலையும் எங்கயோ போயி முட்ட வச்சுட்டு வெறும் வயித்தோட வீட்டுக்கு வருது. தேயிலைக்குள்ள தேடித் தேடி ராசம்மாவ அட்ட கடிச்சதுதான் மிச்சம்.

"பின்னாடி கொஞ்சம் உப்ப வச்சு விடுடி. எரிச்சல் தாங்காம முட்ட வைக்கிற எடத்துக்கு நேரா ஓடும். நீயும் பின்னாலயே ஓடு"ன்னா தெரேசா.

ராசம்மா ஓடுனா. கோழி நேரா கணக்கப்புள்ள வீட்டு வெறகுக் குமிக்குள்ள போயி ஒக்காந்துச்சு. சேவல் இருக்குற எடமாப் பாத்துத்தான் போயிருக்கு. குமிக்குள்ள ஒரு மடி முட்ட. கணக்கப்புள்ள சம்சாரம் வெளிய வந்து, "எங்க வளவுல இருந்தா எங்க முட்ட"ன்னுச்சு. "நீங்களாம்மா வச்சீங்க?"ன்னு கேட்டுட்டு மடியோட வந்துட்டா ராசம்மா. அத்தனையையும் மொட்டக்கழுத்திக்குக் கீழ வச்சா தெரேசா.

அந்தம்மா சும்மா இருக்குமா? மறுநாளு சேவல அடிச்சுக் கொழம்பு வச்சுருச்சு. வாசன லயம் வரைக்கும் வந்துச்சு. இனிமே செவல முட்ட வச்சாலும் குஞ்சுக்கு ஆகாது. மொட்டக்கழுத்திக்குக் கீழ வச்ச அந்த ஒரு மடி முட்டதான் லயத்துக்கே மிச்சம். "கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுக்காம நாங்க தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தொட மாட்டோம்"னு ராசம்மா புருசன் வேற சொல்லிட்டுப் போறான். தெரேசா தொட்டில்கிட்ட ஒருத்தியையும் விடுறதில்ல. வந்தா வெறகுக் கட்டையத் தூக்குவா.

சேவல் போயும் அந்தம்மாவுக்கு ஆத்தெரம் அடங்கல. காம்பராவுல கோழி வளக்குறாங்கன்னு, காம்பராவுக்குப் பொறுப்பான மருந்துக்கார ஐயாகிட்டச் சொல்லிருச்சு. முட்ட பொரிக்கிற நேரமாப் பாத்து அவரு வந்து நிக்கிறாரு. கூடவே தோட்டத்துத் தொர சம்சாரம், தொரசாணி. நான் அடுப்புக்கிட்ட குளிர் காஞ்சுக்கிட்டு இருந்தேன். கோழிய மட்டும் கண்டுபுடிச்சா அன்னையோட தெரேசாவுக்குக் காம்பரா இல்ல. செத்த முட்டிய வச்சுக்கிட்டு மறுபடி மலைக்குத்தான் ஏறணும்.

மருந்துக்கார ஐயா பெஞ்சுக்குக் கீழ குனிஞ்சு பாத்தாரு. வெறகுப் பொட்டியப் பொரட்டுனாரு. பால் சட்டி மூடியத் தொறந்து பாத்தாரு. சட்டிக்குள்ள கோழி இருக்கும்னு நெனச்சாரு போல. தொரசாணி தொட்டில் தொட்டிலா வெலக்கிப் புள்ளைகளப் பாத்துக்கிட்டே வந்து, கடேசித் தொட்டில்கிட்ட நின்னுச்சு.

"இது புது பாப்பா?"

"ஆமாங்க தொரசாணி, இப்பத்தான் தூங்குச்சு"ன்னு தெரேசா குறுக்க வந்து நின்னா.

தொரசாணி கைய நீட்டுச்சு. உள்ள இருந்து க்ர்ர்ருன்னு ஒரு சத்தம். மருந்துக்கார ஐயா திரும்பிப் பாத்தாரு.

"வயித்துல போகுதுங்க தொரசாணி. ராத்திரி புடிச்சு நிக்கல"ன்னேன் நான். அடைக்கோழி எச்சம் நாறுற நாத்தம் கோழி வளத்தவங்களுக்குத் தெரியும். நான் சொன்னதுக்கு அந்த நாத்தமே சாட்சி. தொரசாணி நீட்டுன கையால லேஞ்சித் துணிய எடுத்து மூக்குல வச்சுக்கிச்சு. மருந்துக்கார ஐயா, "சாயங்காலம் மருந்து குடுத்து விடுறேன்"னு வாசலப் பாத்து நடந்தாரு.

தொரசாணி போகல. உள்ள மறுபடி க்ர்ர்ருங்குது. "பாப்பா அழுது. ஆட்டு, ஆட்டு"ங்குது. லேஞ்சிக்கு மேல ரெண்டு கண்ணும் தெரேசாவையே பாக்குது.

ஆட்டலன்னா வேல போச்சு. ஆட்டுனா முட்ட போச்சு. தெரேசா தொட்டிலுக்கு முன்னால போயி ரெண்டு கையாலயும் கவுத்த இறுக்கிப் புடிச்சா. "ஆராரோ"ன்னு ஆரம்பிச்சா. தொட்டில் அசையல. அவதான் அசஞ்சா. அந்தத் தடிச்ச ஒடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிட்டு வருது, முட்டி டக்கு டக்குங்குது, முந்தான ஆடுது. பாக்குறவங்களுக்குத் தொட்டில் ஆடுற மாதிரியே இருந்துச்சு. தொரசாணி தலைய ஆட்டிட்டு வெளிய போயிருச்சு.

காரு வளைவுல திரும்புற சத்தமும் கேட்டுருச்சு. "போயிட்டாங்கடி, விடு"ன்னேன். விடல. தொட்டில் சேலைக்குள்ள இருந்து கீச்சுன்னு ஒரு சின்னச் சத்தம். அப்பறம் இன்னொண்ணு. அதே நேரத்துல பக்கத்துத் தொட்டில்ல ராசம்மா புள்ள வீல்னு கத்த ஆரம்பிச்சுச்சு. தெரேசா திரும்பக்கூட இல்ல. ரெண்டு கையாலயும் கோழித் தொட்டில அசையாமப் புடிச்சுக்கிட்டு, அந்தக் கெட்டுப் போன காலத் தூக்கி ராசம்மா புள்ளையோட தொட்டில ஒரு தள்ளு தள்ளுனா.