மேட்டுவெளியில் ஓர் இருமல்

கொழும்புத் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு விழுந்தபோது நான் கொச்சிக்கடையில் ஒரு பண்டகசாலை மேசைக்கு அடியில் கிடந்தேன். அதற்குப் பிறகு கதவு அடித்துச் சாத்தினாலும் மேசைக்கு அடியில் குனிந்துவிடுவேன். மூத்த மகனோ எதிரி விமானம் வருகிறதா என்று பார்க்கும் காவல் வேலைக்குப் பெயர் கொடுத்து மலைக்குப் போய்விட்டான்.

ஐப்பசியில் அவனைக் கூட்டிவரப் புறப்பட்டேன். "ஏதாவது சொல்லி இறக்கிக்கொண்டு வாங்கோ. கண் முன்னால இருந்தாக் காணும்," என்றாள் மனைவி.

ஓஹியா ஸ்டேசனில் இறங்கி, காட்டுக்குள்ளால் ஏறினால் ஹோர்ட்டன் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் புல். அதற்கு மேல் வெறும் வானம். நடுவே ஒரு தகரக் கொட்டில், விமானம் கண்டால் கொழும்புக்கு அறிவிக்க ஒரு டெலிபோன். மகனுடன் காவலுக்கு இருந்தவர் அவனைவிட மூத்த ஒரு சிங்களவர்.

"மாத்தயா, நீங்க பயப்பட வேணாம். இங்க ஜப்பான்காரன் வாறதில்ல, குருவி மட்டும்தான் வாறது," என்று சிரித்தார்.

அது உண்மைதான். வடக்கே குளிர் தொடங்கியதும் புறப்பட்ட தகைவிலான் குருவிகள் கூட்டங்கூட்டமாக வந்துகொண்டிருந்தன. தொலைவில் அவையும் விமானங்களைப் போலக் கறுப்புப் புள்ளிகள்தான். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தொலைநோக்கி வைத்திருப்பவன் பறவைக் கூட்டத்தைக் கண்டதும் "குருவி!" என்று உரக்கச் சொல்லவேண்டும். மற்றவர் அப்போதுதான் டெலிபோனிலிருந்து கையை எடுப்பார்.

என் மகன் பிழையில்லாமல் சொன்னான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம் போனபின்தான் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் முதலில் இருமினார். அதன் பிறகே அவன் "குருவி!" என்றான்.

அவர் தேத்தண்ணி வைக்கக் கொட்டிலுக்குள் போனார். அப்போது பெரிய கூட்டமொன்று எங்கள் தலைக்கு நேர் மேலாகப் பறந்தது. மகன் தொலைநோக்கியை எதிர்ப்பக்கம் பிடித்தபடி நின்றான். ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி, இப்ப போனதைக் கண்டனியோ?"

"ஓம் அப்பா, கண்டனான்."

"என்னண்டு சொல்லு பாப்பம்."

அவன் தொலைநோக்கியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எவ்வளவு காலமா?"

"இங்க வரேக்கை நல்லாத்தான் இருந்தது. இப்ப கிட்ட இருக்கிறது தெரியும். தூரத்தில எல்லாம் பனிப்புகார் மூடின மாதிரி." பிறகு அவசரமாகச் சொன்னான்: "சத்தம் கேக்கும் அப்பா. பிளேனுக்குச் சத்தம் இருக்குத்தானே."

"காத்து எதிர்ப்பக்கமா அடிச்சா? நீ காணாம விட்டா குண்டு கொழும்பிலதானே விழும், தங்கச்சிமார் அங்க வெள்ளவத்தையிலதானே இருக்கினம்."

அவனைக் கீழே கொண்டுபோக நான் வழியெல்லாம் எத்தனையோ பொய்க் காரணங்களை யோசித்து வந்திருந்தேன். இப்போது உண்மைக் காரணமே கையில் கிடைத்திருந்தது. அது எனக்கு வேண்டாம் போலிருந்தது.

அந்த மனிதர் கோப்பைகளோடு வெளியே வந்தார். வானத்தில் இன்னொரு கூட்டத்தைக் கண்டார். இருமினார். மகன் பேசாமல் நின்றான். அவர் மறுபடியும் இருமினார்; பிறகு என்னைப் பார்த்தார். கோப்பையை நீட்டிய கை அப்படியே நின்றது.

மகன் தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றி அவரிடம் கொடுத்தான். வேறு ஆளை அனுப்பச் சொல்லி டெலிபோன் எடுக்குமாறு சிங்களத்தில் கேட்டான். "ஐயோ மல்லி," என்று அவனைத் தம்பி முறை சொல்லி அழைத்தார் அவர். பிறகு டெலிபோனின் கைபிடியைச் சுற்றினார்.

மாற்று ஆள் வந்த பிறகு இறங்கினோம். கொழும்பு வரை ரயிலில் மகன் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான். கண் வைத்தியர் இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் குறை இன்னும் கூடும், மருந்தில்லை என்றார்.

இப்போது பின்னேரங்களில் நானும் அவனும் வெள்ளவத்தையின் பெருந்தெருவான காலி வீதியில் நடக்கப் போகிறோம். பஸ் வந்தால் அவனுக்கே கேட்கும். சைக்கிள்தான் சத்தமில்லாமல் வரும். கையைப் பிடித்தால் உதறிவிடுவான். அதனால் சைக்கிளைக் கண்டதும் நான் இருமுகிறேன். அவன் நிற்கிறான்.