பூஜை மணியும் பக்கத்து வீட்டு டிவியும்

எங்கள் வீட்டுப் பூஜை மணிக்கு அப்போது இரண்டு வேலை. பெருமாளுக்கு ஒலிப்பது ஒன்று. பக்கத்து வீட்டு டிவியை அடக்குவது இன்னொன்று.

காஞ்சிபுரத்தில் எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவருக்குக் காது மந்தம், வெகுகாலமாகப் படுத்த படுக்கை. கவர்ன்மென்ட் கொடுத்த டிவியை அவருக்குக் கேட்கவேண்டும் என்று அந்தம்மா வைக்கிற சத்தத்தில் எங்கள் சாமி படங்கள் அதிரும். போய்ச் சொன்னால் சும்மா இருக்காது. “உங்க தறி பொழுதுக்கும் லொடக்கு லொடக்குனு அடிச்சிக்கினு இருக்குதே, நான் எதனா கேட்டனா?” என்று திருப்பிக் கொடுக்கும்.

ஆகவே யுத்தம். அங்கே நாடகம் தொடங்கியதும் இங்கே அப்பா மணியடிப்பார். அப்பாவின் அக்கா, எங்களோடேயே இருந்த அத்தை, தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கோவிந்தா போடுவார். மணி என் கைக்கு வந்தால் எனக்குத் திருவிழாதான். அந்தப் பக்கம் சத்தம் இன்னும் ஏறும். “கூட்டிட்டா பாரு. நீ விடாதடி, அடி” என்பார் அத்தை.

எங்கள் தெருவுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் பெருமாள் வருவார். தெருவில் சாவு விழுந்து, எடுக்காமல் கிடந்தால் அதுவும் இல்லை. முந்தைய வருஷம் அப்படித்தான். தெருக்கோடியில் யாரோ தவறிப்போக, பெருமாள் முனையோடு திரும்பிவிட்டார். நான் விஷக்காய்ச்சலில் பிழைத்ததற்கு அம்மா நேர்ந்துகொண்டு, பெருமாளுக்கென்று அப்பா தன் கையால் நெய்த சின்னப் பட்டு பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதார். பக்கத்து வீட்டம்மாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

அடுத்த வருஷம் புறப்பாட்டுக்கு முதல் நாள் அப்பா போய் அவர்கள் கதவைத் தட்டினார். “நாளைக்கு ஒரு நாளாவது அந்த டிவிய நிறுத்தும்மா. சாமி வர நாளு.” அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டது.

காலையில் சத்தமே இல்லை. அத்தை காபித் தம்ளரோடு சுவரில் காதை வைத்துக் கேட்டார். “என் தம்பி ஒரு அதட்டு போட்டான், அடங்கிட்டா பாரு.” எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு.

பெருமாள் வந்தார். எங்கள் வாசலில் நின்றார். பட்டாச்சாரியார் பட்டை வாங்கிச் சாத்தியபோது அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வாசலில் மட்டும் தண்ணீர் தெளிக்கவில்லை, கோலமில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றது. கை குவிக்கவில்லை. “பெருமாளுக்குக்கூட கை ஏறல. அவ்ளோ திமிரு” என்றார் அத்தை.

மேளச் சத்தம் முனை திரும்பித் தேய்ந்து போயிற்று. உடனே சுவருக்கு அந்தப் பக்கம் ஓவென்று ஒரு அழுகை. நாடகத்தைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் மணியை எடுத்து, கை வலிக்க அடித்தேன். அப்பா பாய்ந்து வந்து மணியின் நாக்கைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

அந்த வீட்டுக்காரர் விடியும்போதே போய்விட்டிருந்தார். அம்மா அங்கே ஓடியபோது அந்தம்மா சொன்னதாம்: “போன வருசம் நீ வாசல்ல உக்காந்துக்கினு அழுத பாரு, அது என் கண்ணுலயே நின்னுச்சும்மா. சாமி தாண்டட்டும்னு வாயக் கட்டிக்கினு இருந்தேன்.”

தீட்டோடு சாமியை வரவிட்டது பாவம் என்று தெருவில் சிலர் பேசினார்கள். ஆசாரம் பார்க்கிற அப்பாவோ போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார். பெருமாள் தெரியாமலா வந்தார் என்று நான் இன்றைக்கும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் வீடு கழுவி, குளித்து, விளக்கேற்றினோம். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அப்பா மணியைக் கையில் எடுத்தவர் அடிக்காமலே கீழே வைத்தார்.

“இனிமே அவங்க டிவி போட மாட்டாங்களாப்பா? நாம ஜெயிச்சிட்டமா?” என்று கேட்டேன்.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னை மடியில் இழுத்து என் வாயைப் பொத்தினார். அவர் கண்ணீர் என் தலையில் சொட்டியது. ஜெயித்த வீட்டில் எதற்காக எல்லோரும் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.