ஆய்வகத்தில் ஓடிய ஷிப்மென்ட்

2019 ஜூலை 15, திங்கட்கிழமை. வழக்கம்போல் இட்லி தின்று, வேலம்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் கல்லூரிக்கு வந்து, ஆய்வகத்தின் பூட்டைத் திறந்தேன். மூலையில் பனியன் துணி பின்னும் எங்கள் பழைய நிட்டிங் மெஷின் நின்றது. யாரோ ஓர் ஏற்றுமதியாளர் தானமாகக் கொடுத்தது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதைத் தவிர அதை யாரும் தொடுவதில்லை, ஊசிகளெல்லாம் துரு.

எங்கள் பாலிடெக்னிக் ஒரு பனியன் கம்பெனியின் குடோனில் தொடங்கியது. நூல் மூட்டைகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு பெஞ்சுகளை உள்ளே போட்டார்கள் என்று ஆண்டு மலரில் பெருமையாக அச்சிட்டிருக்கிறோம். பிறகு கட்டடம் வந்தது. ஒவ்வொரு மின்விசிறியிலும் ஒரு கம்பெனியின் பெயர் வந்தது. ஓடுகிற மெஷின் மட்டும் வரவில்லை. மாணவர்களுக்கு அதில் குறையில்லை. பாதிப் பேர் கம்பெனிகளில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு, பகலில் கரும்பலகையில் நான் வரையும் மெஷினுக்கு முன்னால் தூங்கினார்கள்.

அன்று கல்லூரியின் அனுமதியைப் புதுப்பிக்கும் ஆய்வுக் குழு வருகிறது. ஓடும் மெஷின் இல்லையென்றால் நிட்டிங் பிரிவை மூடிவிடுவார்கள். பிரிவோடு அதன் தலைவனான என் வேலையும் போகும். அதனால் முதல்வர், பனியன் கம்பெனி நடத்தும் தன் மைத்துனரிடம் ஒரு மெஷினை இரவல் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையே கிரேன் வைத்து இறக்கியாயிற்று. கூடவே நூல் மூட்டைகளும் இறங்கியிருந்தன.

"நூல் எதுக்குங்க மாப்ளே? சும்மா சுத்துனாப் போதுமுங்களே," என்றார் முதல்வர், மூட்டைகளோடு வந்த மைத்துனரிடம்.

"ஷிப்மென்ட் நிக்குதுங்க மச்சான். இன்ஸ்பெக்‌ஷனுக்காக மெஷினை வெறுமனே சுத்த உட முடியுங்களா? உங்க பசங்க வகுப்புல தூங்கறதுக்குப் பதிலா இதை ஓட்டட்டுங்க."

குழு வந்தபோது மெஷினைச் சுற்றி மாணவர்கள் நூல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் தூங்கவில்லை. துணி இறங்கிக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு துணியையும் என்ன பண்றீங்க?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

முதல்வர் என்னைப் பார்த்தார். நான், மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்த அவர் மைத்துனரைப் பார்த்தேன்.

"எக்ஸ்போர்ட் பண்றமுங்க," என்றார் அவர், உள்ளதை உள்ளபடி.

தலைவர் நெகிழ்ந்துபோனார். தொழிலோடு இப்படி ஒட்டிய கல்லூரியைத் தான் பார்த்ததே இல்லை என்றார். பிரிவு தொடரலாம், ஆனால் அடுத்த முறை வரும்போதும் மெஷின் இப்படியே ஓட வேண்டும் என்று நிபந்தனை விதித்துக் கையெழுத்திட்டார்.

சாயங்காலம் முதல்வர் தயங்கித் தயங்கி, "மெஷின் இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுங்களா மாப்ளே?" என்றார்.

"நானே கேக்கலாம்னு இருந்தனுங்க. வாடகை இல்லே, ஆள் கூலி இல்லே. இன்னும் ரெண்டு மெஷின் கொண்டாந்துடறனுங்க. நூல் வைக்கத்தான் எடம் பத்தாதுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக, நானும் மாணவர்களும் பக்கத்து வகுப்பறையின் பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, நூல் மூட்டைகளை உள்ளே அடுக்கினோம்.