வலது மணிக்கட்டில் இன்னொருத்தி

சூடாமணி லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும், அவள் சென்ட் மந்தைவெளி வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் போகும். நாற்பது வருஷமாக ஒரே சந்தன சென்ட். ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையிலிருந்த அவள் கணவர் கதிரேசன், கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்துப் பழக்கியது.

வயதானபின் அவருக்குக் கண் போயிற்று. பிறகு நினைவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பெண்டாட்டியின் முகம் போய், குரலும் போய், அந்த வாசனை மட்டும் தங்கியது. அது பக்கத்தில் வந்தால்தான் சாப்பாட்டுக்கு வாய் திறப்பார்.

கம்பெனிக்காரன் அந்த சென்ட்டையே நிறுத்திவிட்டான். கடைசிச் சொட்டும் தீர்ந்த அன்றிலிருந்து, "வேத்து மனுஷி கையால சாப்பிட மாட்டேன்" என்று கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டார். ஸ்பூன் உதட்டில் பட்டால் ஆஸ்பத்திரி என்று துப்பினார். இரண்டு நாள். அவளும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீயை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, காலிப் பாட்டிலோடு தி.நகருக்கு ஓடினாள். அத்தர் கடை இனாயத் பாட்டிலை முகர்ந்து பார்த்து இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு, பாய்?"

"இப்ப அப்படித்தாம்மா கீது. தோலோட சேர்ந்து, கொஞ்ச நேரம் போனாத்தான் அசல் வாசனை வரும். மூக்கு ஒண்ணுனாலும் கை ரெண்டு கீதே. கைக்கு ஒண்ணா வெச்சுக்கினு போங்க. தேய்க்காதீங்க. வூட்டுக்காரருக்கு எது புடிக்குதோ அதை வந்து வாங்கிக்கோங்க."

"பிடிக்கிறதுக்கு இல்ல, பாய். நான்தான்னு அவருக்குத் தெரியணும்."

இனாயத் இடது மணிக்கட்டில் ஒன்றும் வலதில் மற்றதுமாகத் தொட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்து இடது மணிக்கட்டை அவர் மூக்கருகே நீட்டினாள்.

"சூடாமணி, எங்க சுத்திட்டு வரே? பசி உயிர் போகுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசம் சாதத்தைப் பிசைந்து வலது கையால் ஊட்டப் போனாள். வாய் மூடிக்கொண்டது.

"உன் கூட யாரோ வந்திருக்கா. போகச் சொல்லு."

"போயிட்டாங்க."

"பொய் சொல்லாதே. இங்கதான் நிக்கறா."

சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழத் தோல் எல்லாம் தோற்றுப்போயின. பாய் கொடுத்த அத்தர் பாறையில் வெட்டிய எழுத்துபோல் உட்கார்ந்திருந்தது. இடது கையால் யாராவது பூ நீட்டினால்கூட வாங்காத சூடாமணி, வேறு வழியில்லாமல் அந்த இடது கையால் சோற்றை எடுத்தாள். அவர் ஆவலோடு வாங்கிக்கொண்டார். பாதித் தட்டு காலியானதும் நிறுத்தினார்.

"அவ இன்னும் நிக்கறாளா?"

"நிக்கறா."

"பாவம், எத்தனை நாளா பட்டினியோ. அவளுக்கும் போடு."

சூடாமணி வலது கையால் ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிடறாளா?"

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"சாப்பிடறா."