டைவர் ஊதிய குழாய்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் டைவர். ஒரு கையில் காய்கறிப் பை, மற்றது படிச்சுவரின்மேல். போகிறவர் யாராவது விசாரித்தால் பதில் தயார்: "ஆழத்துலேருந்து ஒரேயடியா மேல வரக்கூடாது சார். நின்னு நின்னுதான் வரணும். உடம்பு பழகிப்போச்சு." கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் மாடிக் கதவருகே நிற்கும் மனைவிக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை, அதற்கு இத்தனை ஜோடனை.

இருபத்திரண்டு வருடமாகக் கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய்களுக்குப் பற்றவைப்பு வேலை. ஆளுக்கு முன்னால் மார்பு வரும். தையல்காரர் அளவெடுக்கும்போது இவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். அதனால் சட்டையெல்லாம் தொளதொள. போனில் பேசும்போது பாதியில் நிறுத்தி இருமுவார். "லைன் சரியில்ல" என்பார்.

இருமல் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. வெயில் நாளில் கேட்டால் தூசி, மழை நாளில் கேட்டால் ஈரம். ஆவி பிடிக்கச் சொன்னால், "கடலுக்கடியில ஹீலியம் கலந்த காத்தையே சுவாசிச்சவன் நான். எங்கிட்டப் போயி வெந்நியக் காட்டுறியே!" இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

உடல்தகுதிச் சான்று இல்லாமல் கடலில் இறக்க மாட்டார்கள். வருடாவருடம் நடக்கும் அந்தச் சோதனைக்கு இந்த முறை மனைவியும் கூடவே போனாள். இருமல் உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் படிவத்தில் 'இல்லை' என்று அழகாக எழுதினார். பிறகு மூச்சை அளக்கும் கருவியின் குழாயை வாயில் வைத்து ஊதினார்.

"அடேயப்பா, ரொம்பப் பெரிய நுரையீரல்" என்றார் டாக்டர். டைவர் திரும்பி மனைவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

"ஆனா கடைசிக் காத்து வெளிய வரவே மாட்டேங்குது. உள்ள சின்னச் சின்ன குழாயெல்லாம் கெட்டுப்போயிருக்கும் போல. நுரையீரல் பெருசா இருந்ததால இத்தன நாள் தெரியல. மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

"பொய்" என்றாள் மனைவி. "குளிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு தடவ உக்காருறாரு. இன்னொரு தடவ கீழ போனா திரும்பி வரமாட்டாரு. எனக்கு இவரு வேணும் டாக்டர், சான்றிதழ் வேணாம்."

டைவர் அவளை முறைத்தார். டாக்டர் மறுபடி ஊதச் சொன்னார். "இன்னும்... இன்னும்... விடாதீங்க..." கழுத்து நரம்பு புடைத்தது. குழாய் நழுவ, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

"முடியுதா? என்ன செய்யுது?"

பேச மூச்சில்லை. தனக்கு என்னவோ சரியில்லை என்று தண்ணீருக்கடியில் கூட இருப்பவரிடம் சொல்ல, அவர்கள் வேலையில் ஒரு சைகை உண்டு. டைவர் டாக்டரைப் பார்க்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, விரித்த உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினார்.