ஒரு 'ங்க' கூடிப்போன கதை

செக்கிங் அக்கா பேருந்தில் ஏறினால், ஒழுங்காக டிக்கெட் எடுத்தவர்களும் ஒருமுறை சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பாள், திருப்பிப் பார்ப்பாள், பிறகு டிக்கெட்டை விட்டுவிட்டு ஆளின் முகத்தைப் பார்ப்பாள். டிக்கெட்டில் என்ன அச்சடித்திருந்தால் என்ன, முகத்தில்தான் விஷயம் இருக்கிறது என்பது அவள் கட்சி. வருடக்கணக்காக இப்படிப் பார்த்துப் பார்த்து வேலை உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருநாள் கணவர் தானாகவே முன்வந்து பாத்திரம் தேய்த்துக் கொடுத்தார். "என்ன தப்புப் பண்ணீங்க?" என்று கேட்டாள். அந்த மனுஷன் அதற்கப்புறம் பாத்திரத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஜீவன் தங்கை. வயதில் ரொம்ப இளையவள், அம்மா போன பிறகு அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். பகலில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை, மாலையில் நகர மகளிர் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். கால்களில் கட்டும் தடித்த பேடுகளை வீட்டுப் பால்கனியில் காயப்போடுவாள். அந்த வியர்வை நாற்றத்தைப் பற்றி அக்கா தினமும் புலம்புவாள், தினமும் அவளே எடுத்து வெயில் பக்கம் திருப்பியும் வைப்பாள். அக்காவுக்கு ஹாக்கியில் பைத்தியம் பிடித்ததே தங்கையால்தான்.

பைத்தியத்தைப் பகிர்ந்துகொள்ள மூன்று பேர் இருந்தார்கள். பஸ் டெப்போவுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. வேலை முடிந்ததும் அங்கே கூடுவார்கள். கடைக்காரர் எதைக் கேட்டாலும் கண் சோதிக்கிற பாணியிலேயே கேட்பார்: "இப்படியா, அப்படியா? எது தெளிவாத் தெரியுது?" பக்கத்துக் கடைத் தையல் மாஸ்டர் கழுத்தில் அளவு டேப்போடு வந்து நிற்பார். மூன்றாமவர் லிஃப்ட் மெக்கானிக், ஆனால் எல்லோரும் கூப்பிடுவது ரீப்ளே என்று. நேற்று நடந்த மேட்சை இன்று வாயாலேயே மறுபடி நடத்திக் காட்டுவார். அவர் நடத்துகிற மேட்சில் நம் அணி ஒருநாளும் தோற்றதில்லை.

வம்பு வந்தது அரையிறுதியில். அதுவும் ஜெயித்த மேட்சில்.

ஹாக்கியில் கோல்கீப்பருக்கும் அவளுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரிக்கும் இடையே இரண்டே வார்த்தைதான். எடு, விடு. எடு என்றால் பந்தை நீ பார்த்துக்கொள். விடு என்றால் ஒதுங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் அவர்கள் பாஷை. இந்த அணியில் அப்படி முன்னால் நிற்பவள் கேப்டன். களத்துக்கு வெளியே தங்கை அவளை அக்கா என்றும், வாங்க போங்க என்றும்தான் பேசுவாள். களத்துக்குள் வெறும் "விடு!" தான். வருகிற பந்து, 'ங்க' சேர்த்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டா நிற்கும்?

அரையிறுதியில் தங்கை தொண்டை கிழிய "விடு!" என்று கத்தினாள். கேப்டன் ஒதுங்கினாள், தங்கை பந்தை உதைத்துத் தள்ளினாள், அணி ஜெயித்தது. மறுநாள் பத்திரிகையில், வாய் பிளந்து கத்தும் தங்கையின் படத்தோடு செய்தி: 'விடு! கேப்டனை ஒருமையில் அதட்டிய கோல்கீப்பர், அணிக்குள் பூசலா?' கேள்விக்குறி ஒன்று போட்டுவிட்டால் பொய்க்கும் மெய்க்கும் நடுவே சௌகரியமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்று இந்தப் பத்திரிகைக்காரர்களுக்கு எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை. உள்ளே இன்னும் மோசம். வயதில் மூத்தவளைக் கேப்டன் பதவியை விடச் சொல்லித்தான் கோல்கீப்பர் அப்படிக் கத்தியதாக 'அணிக்கு நெருக்கமான வட்டாரங்கள்' தெரிவித்தனவாம்.

"யாரு இந்த வட்டாரம்? எந்த ஸ்டாப்புல ஏறுது?" என்று கேட்டபடியே அக்கா கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள்.

அங்கே பஞ்சாயத்து ஏற்கெனவே கூடியிருந்தது. "பந்தைத்தான் விடச் சொல்லியிருப்பா. இதெல்லாம் ஒரு செய்தியா?" என்றார் தையல் மாஸ்டர்.

"பந்துக்கா இவ்வளவு கோபம்? படத்துல முகத்தைப் பாருங்க," என்றார் கடைக்காரர். பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளிவைத்துப் பார்த்தார். "எனக்கு என்னவோ இடிக்குது."

"நெருப்பில்லாம புகையுமா?" என்றார் ரீப்ளே. "கேப்டன்னா அதட்டணும். அதட்டு வாங்கிக்கிட்டு நின்னா அப்புறம் மத்தவங்க எப்படி மதிப்பாங்க?"

"அதெப்படி? பின்னாடி நிக்கறவளுக்குத்தானே முழுக் களமும் தெரியும். அவ சொல்றதைக் காதுல வாங்கறவதான் நல்ல கேப்டன்," என்றார் மாஸ்டர்.

அக்காவுக்குத் தலைமைப் பண்பைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலை வேறு. கோச் காலையிலேயே போன் பண்ணித் தங்கையிடம் சொல்லியிருந்தார்: ஃபைனல் முடியட்டும், இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் ஒருவரை வெளியே உட்காரவைப்பேன். அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம். கேப்டனுக்கு மாற்று ஆள் கிடையாது. கோல்கீப்பருக்கு உண்டு. அந்த மாற்றுக் கோல்கீப்பர் யார் என்று பார்த்தால், கேப்டனின் சித்தி மகள்.

இது போதாதா நம் அக்காவுக்கு? அரையிறுதி முடிந்து மைதான வாசலில் கேப்டன் அந்தச் செய்தியை எழுதிய நிருபரோடு நின்று சிரித்துப் பேசியதை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சித்தி மகளை உள்ளே கொண்டுவர, தங்கையை வெளியே தள்ள, கேப்டனே செய்தி கொடுத்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துக் கேப்டன் ஒரு பேருந்தில் அவளிடமே மாட்டினாள். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று சிரித்தபடி டிக்கெட்டை நீட்டினாள். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். டிக்கெட் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்புதான் சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பூனை கண்ணை மூடிக்கொண்டுதானே பால் குடிக்கும்.

அன்று சாயங்காலம் தங்கை பால்கனியில் உட்கார்ந்து பேடின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஏண்டி, அன்னிக்கு விடுன்னு கத்தினியே, எதை விடச் சொன்னே?"

"பந்தைத்தான்க்கா. நீ வேற."

"நெஜமாவா?"

தங்கையின் ஊசி நின்றது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். "நீ என்கிட்டயே டிக்கெட் கேக்கறியா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் அவள் செக்கிங் அக்கா இல்லையே. "உன்னை யாருடி சந்தேகப்பட்டா? அந்தக் கேப்டனைச் சொல்றேன். அவ வலை விரிச்சு வெச்சிருக்கா. ஃபைனல்ல ஒருமையில ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அதையே பிடிச்சுத் தொங்குவாங்க. ஒரு பிடியும் கொடுக்காதே. ஒரு 'ங்க' சேர்த்துச் சொன்னா உன் வாய் தேய்ஞ்சா போயிடும்?"

"பந்து வர்ற வேகத்துல எங்கக்கா 'ங்க' போடறது? அவங்க அப்படிப்பட்டவங்களும் இல்ல."

"எல்லாரும் அப்படிப்பட்டவங்க இல்லதான், மாட்டற வரைக்கும். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? பழகிக்கோ, வரும்."

தங்கை மாட்டேன் என்றாள். அக்கா சாப்பிடும்போது சொன்னாள், துணி மடிக்கும்போது சொன்னாள், தங்கை வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படி வரை கூடவே போய்ச் சொன்னாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். தவிர, கோல்கீப்பர் இடத்தை இழந்துவிடுவோமோ என்ற பயம் தங்கைக்கும் இருந்தது. கடைசியில் குளியலறைக்குள்ளிருந்து "விடுங்கக்கா! விடுங்கக்கா!" என்று பயிற்சிக் குரல் கேட்டபோது அக்கா நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

ஃபைனலுக்கு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். கோலுக்குப் பின்னால் அந்த நிருபர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா மேட்சைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடிவை நெருங்கியது. எதிரணிக்காரி ஒருத்தி வலதுபக்கமிருந்து பந்தைக் கோலைப் பார்த்துச் சாதாரணமாகத் தள்ளிவிட்டாள். ஆயிரம் தடவை பார்த்துச் சமாளித்த பந்துதான். கேப்டன் மட்டையைப் பாதிவரை கொண்டுபோனாள். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"விடுங்கக்கா!"

கேப்டன் திரும்பிப் பார்த்தாள்.

இத்தனை வருடமாக அந்தக் குரல் அந்த இடத்தில் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பின்னால் நிற்பது யார் என்று பார்ப்பதுபோலத் திரும்பிவிட்டாள். பாதியில் நின்ற மட்டையின் நுனியில் பந்து உரசித் திசை மாறி, ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்துவிட்ட தங்கையின் மறுபக்கமாக உள்ளே போனது. அந்த ஒரு கோலோடு கோப்பை போனது. களத்தில் தங்கை முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அக்கா இருக்கையைவிட்டு எழுந்துவிட்டாள். என்ன நடந்தது என்பது பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும்.

மறுநாள் பத்திரிகையில் கேள்விக்குறி இல்லை. 'விடுங்கக்கா! ஃபைனலிலும் கேப்டனைக் கிண்டலடித்த கோல்கீப்பர்.'

கண்ணாடிக் கடையில் இந்த முறை கருத்து வேறுபாடே இல்லை. "திட்டினாக்கூடப் பரவாயில்லைங்க," என்றார் தையல் மாஸ்டர், இத்தனை நாள் தங்கை கட்சியில் இருந்தவர். "எப்பவும் விடுன்னு சொல்றவ திடீர்னு விடுங்கன்னா, அது நக்கல் இல்லாம வேற என்ன? மரியாதை அளவுக்கு மீறிப் போச்சுன்னா அங்க மரியாதை இல்லைன்னு அர்த்தம்."

"பூசல்னு அன்னிக்கே எழுதினான். நாமதான் நம்பலை," என்றார் ரீப்ளே. அன்று அவர்கூட மேட்சை மறுபடி நடத்திக் காட்டவில்லை.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்," என்றாள் அக்கா.

மூவரும் திரும்பினார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பால்கனியில் பேசியது, குளியலறைப் பயிற்சி, ஒன்றுவிடாமல். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மாஸ்டரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "தங்கச்சி மேல இருக்கிற பாசம். யாரா இருந்தாலும் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கத்தான் செய்வாங்க."

"சத்தியமாச் சொல்றேன்."

"சரிங்கக்கா, சரி. டீ சொல்லட்டுமா?"

அவர்கள் முகத்தை அவள் பார்த்தாள். ஒருவர்கூட நம்பவில்லை. கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. டீ வேண்டாம் என்று எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டு வாசலில் தெரியாத செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. உள்ளே நாற்காலியின் நுனியில் கேப்டன் உட்கார்ந்திருந்தாள். எதிரே தங்கை, கண்ணெல்லாம் வீங்கி.

"கோச்சைப் பார்த்துட்டு நேரா இங்க வர்றேன்க்கா," என்றாள் கேப்டன். "கேப்டன் பொறுப்பு வேண்டாம்னு சொல்லிட்டேன். திரும்பிப் பார்த்தது நான், தப்பு என்னுது. யாராவது வெளியே உட்காரணும்னா நான் உட்கார்றேன், கோல்ல இவதான் நிக்கணும்னு சொன்னேன். ஒத்துக்கிட்டார்." பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் வந்தேன். நான் உனக்கு என்னடி பண்ணேன்? நேத்து விடுங்கன்னியே, அதைக் கேட்டதும் எனக்குப் பந்து எங்க இருக்குன்னே மறந்துபோச்சு. இவளுக்கு நம்ம மேல என்ன கோபம்னுதான் ஓடுச்சு."

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை, காத்திருந்தாள். நீயே சொல் என்று இடம் விட்டுக்கொடுத்துக் காத்திருந்தாள்.

சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தாள். கடையில் மூன்று பேரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டும், கஷ்டமே இல்லை. ஆனால் கேப்டனின் முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் முந்திக்கொண்டது.

"பதவியை யாராவது சும்மா விடுவாங்களா? இதுல உனக்கு என்ன லாபம்?"

கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிரயோஜனமில்லை. கேப்டன் எழுந்தாள், செருப்பை மாட்டினாள். தங்கை அவள் பின்னாலேயே படியிறங்கி ஓடினாள். கீழே தெருவில் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டு நிற்பது பால்கனியிலிருந்து தெரிந்தது. ஒரு கட்டத்தில் கேப்டன் தங்கையின் தலையில் செல்லமாகத் தட்டினாள். தங்கை சொல்லிவிட்டாள் என்று அக்காவுக்குப் புரிந்தது.

தங்கை மேலே வந்தாள். பால்கனியில் காய்ந்த பேடுகளை எடுத்துப் பையில் வைத்தாள், கைகழுவினாள், அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து மூடினாள்.

"அந்தப் பொண்ணு தப்பா எடுத்துக்கிட்டாளா?" என்று கேட்டாள் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் வேணும்னு கேக்கலைடி. வாயில வந்துடுச்சு."

தங்கை ஒரு தட்டைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

"சாப்பாடு ஆறுது. சாப்பிடுங்க," என்றாள்.

பந்து எதுவும் வரவில்லை, அவசரமும் இல்லை. யோசித்து, நிதானமாகத்தான் சொன்னாள்.